ஒவ்வொரு ஜவான் இடுப்பிலும் பிஸ்டல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாட்படை வீரர்கள் எல்லோருக்கும் ரைஃபிளோடு ஒரு பிஸ்டலும் கொடுத்தால் என்ன என்று வாசகர் ஒருவர் உங்கள் பக்கத்தில் கேட்டிருந்தார். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய நம் வேலூர் பக்கத்தில் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் இடிக்கிறது.

முதலில் எடை. நம் படையில் புழங்கும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது, பழைய பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டலின் வழிவந்தது. காலியாகவே கிலோவுக்குச் சற்றுத்தான் குறைவு. 13 ரவுண்டு, அதாவது தோட்டா, நிரப்பிய மேகசின் (தோட்டாப் பெட்டி) உள்ளே ஒன்று, இடுப்பில் இரண்டு, அதற்குப் பை, ஹோல்ஸ்டர் என்ற உறை, லேன்யார்டு என்ற கயிறு எல்லாம் சேர்ந்தால் ஒன்றே முக்கால் கிலோவைத் தொடும். அந்த எடைக்கு ஏ.கே.-203 ரைஃபிளின் 30 ரவுண்டு மேகசின் இரண்டு தூக்கலாம். இல்லையென்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர். குண்டு துளைக்காத ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு மலையேறுகிறவனிடம் எது வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வலு. 9 மி.மீ. ரவுண்டு குழலை விட்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் சுமார் 500 ஜூல். ஏ.கே.-203 சுடும் 7.62×39 ரவுண்டு சுமார் 2,000 ஜூல். 2019-இல் 72,400 வாங்கிய சிக் 716 ரைஃபிளின் 7.62×51 ரவுண்டு 3,000-க்கும் மேல். எதிரே நிற்பவன் ஹெல்மெட்டும் கவசமும் போட்டிருந்தால் பிஸ்டல் ரவுண்டு அதிலேயே நின்றுவிடும், ஏனென்றால் மெல்லிய ரகக் கவசமே அதைத் தடுக்கத்தான் செய்யப்படுகிறது. தூரமும் அப்படித்தான். புத்தகம் 50 மீட்டர் என்று சொல்லும். மூச்சு வாங்கிக்கொண்டு, கை நடுங்க நிற்கிறவனுக்கு 15 மீட்டரே பெரிது.

அப்படியானால் பிஸ்டலால் பயனே இல்லையா? உண்டு. அந்தப் பயன் ஒன்றிரண்டு விநாடிக்குள் அடங்கிவிடும். அறைக்குள் நுழைகிறபோது ரைஃபிள் சுடாமல் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கை ஹேண்ட்கார்டை (குழலுக்கு அடியில் உள்ள முன்பிடி) விடாமல் ரைஃபிளை இடது பக்கமாக இறக்கி ஸ்லிங்கில் (தோள்வார்) தொங்கவிட வேண்டும். அதே நேரத்தில் வலது கை ஹோல்ஸ்டருக்குப் போக வேண்டும். பிடி உள்ளங்கையில் முழுதாக அமர்ந்த பிறகே உருவ வேண்டும், பாதிப் பிடியில் உருவினால் நீட்டிய பிறகு திருத்தவே முடியாது. நெஞ்சுக்கு முன்னால் இடது கை வந்து சேர, நீட்டி, முன்சைட்டைப் பார்த்து அழுத்த வேண்டும். நன்றாகப் பழகியவனுக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி. ரைஃபிளுக்கு மேகசின் மாற்ற மூன்று, நான்கு விநாடி ஆகும். பத்து மீட்டருக்குள் அந்த வித்தியாசம் உயிர். ஐம்பது மீட்டரில் அதற்கு மதிப்பே இல்லை. அங்கே செய்ய வேண்டியது கல்லுக்குப் பின்னால் படுத்து மேகசினை மாற்றுவதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிரௌனிங் வகை பிஸ்டல் சிங்கிள் ஆக்‌ஷன். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹாமர் பின்னால் இழுபட்டிருந்தால்தான் ட்ரிகர் சுடும். ஆகவே தூக்கிக்கொண்டு போக வழக்கமாக இரண்டு வழி. சேம்பரில் (சுடுவதற்குத் தோட்டா அமரும் அறை) ரவுண்டு, ஹாமர் ஏற்றி, சேஃப்டி போட்டு வைப்பது ஒன்று. மேகசின் உள்ளே, சேம்பர் காலி என்று வைப்பது இன்னொன்று. விபத்துக்குப் பயந்து எந்த அதிகாரியும் இரண்டாவதைத்தான் விரும்புவார். அப்போது உருவிய பிறகு இரண்டு கையாலும் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) இழுத்து விட்டால்தான் சுட முடியும். மிச்சம் பிடித்த விநாடி அங்கேயே கரைந்துவிட்டது. ஒரு கையில் அடிபட்டிருந்தால் அதுவும் நடக்காது. ஒன்றே முக்கால் கிலோவைச் சுமந்ததற்குப் பலன் இல்லை.

பிரிட்டிஷ் படை 2013-இல் பிரௌனிங்கை விட்டு குளோக் 17-க்கு மாறியதற்கு இது ஒரு பெரிய காரணம். குளோக்கைச் சேம்பரில் ரவுண்டோடு ஹோல்ஸ்டரில் வைத்து, உருவியவுடன் சுடலாம். 13-க்குப் பதில் 17 ரவுண்டு. ஆனால் அவர்களும் வாங்கியது முப்படைக்கும் சேர்த்து 25,000-க்குச் சற்று மேல்தான். ஆளுக்கொன்று கொடுக்கவில்லை.

சேம்பரில் ரவுண்டோடு எல்லோருக்கும் கொடுத்தால் பயிற்சி கூட வேண்டும். ரைஃபிள் நீளமானது, குழல் எங்கே பார்க்கிறது என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியும். பிஸ்டல் மணிக்கட்டைத் திருப்பினால் போதும், பக்கத்து ஆளின் வயிற்றைப் பார்க்கும். ரவுண்டை வெளியே எடுத்துக் காலி செய்யும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். முதலில் மேகசினை உருவ வேண்டும், பிறகு ஸ்லைடை இழுக்க வேண்டும். அவசரக்காரன் முதலில் ஸ்லைடை இழுப்பான். ஒரு ரவுண்டு வெளியே தெறித்ததும் காலி என்று நினைத்து மேகசினை எடுப்பான். ஆனால் ஸ்லைடு முன்னே போனபோதே அடுத்த ரவுண்டைச் சேம்பரில் தள்ளியிருக்கும். பிரௌனிங்கில் மேகசின் இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது என்று ஒரு பாதுகாப்பு உண்டு, அதனால் உடனே வெடிக்காது. ஹாமரை இறக்க வேண்டுமே என்று காலி மேகசினைச் செருகி ட்ரிகரை அழுத்துவான் பாருங்கள், அப்போது வெடிக்கும். பாதுகாப்பு என்று வைத்ததே ஆளை ஏமாற்றிவிடும்.

கை பழக வேண்டுமானால் மாதம் 50 ரவுண்டாவது சுட வேண்டும் என்பது என் கணக்கு. 800 பேர் உள்ள பட்டாலியனுக்கு வருடம் 4,80,000 ரவுண்டு. அதற்கு ரேஞ்சு நாள், கோத்தில் (ஆயுதக் கிடங்கு) இன்னும் 800 ஆயுதம் எண்ணும் வேலை, சட்டைக்குள் மறைகிற அளவு பொருள் தொலைந்தால் வரும் விசாரணை. இந்த ரவுண்டையும் நாளையும் ரைஃபிள் பயிற்சிக்குக் கொடுத்தால் பலன் அதிகம்.

ரைஃபிள் நின்றுபோவதற்கு மருந்து ரைஃபிளிலேயே இருக்கிறது. 1999 கார்கில் குளிரில் இன்சாஸ் ரைஃபிளின் மேகசின்கள் விரிசல் விட்டன. அன்று வேண்டியிருந்தது விரிசல் விடாத மேகசின். இரண்டாவது ஆயுதம் என்பதும் புதிய யோசனை இல்லை. நம் வேலூர்க் கோட்டையே சாட்சி. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தபோது, மதில்மேல் ஒண்டியிருந்த 69-வது ரெஜிமெண்ட் வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி கயிறு பிடித்து ஏறி, அவர்களைப் பயனெட்டோடு (துப்பாக்கி முனையில் செருகும் கத்தி) மதில்மேல் பாயவைத்தார். பீரங்கி வந்து கதவை உடைக்கும்வரை அதுதான் அவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. பயனெட்டுக்கு மேகசினும் வேண்டாம், சேஃப்டியும் வேண்டாம். (2020-இல் கல்வானில் சீனர்களோடு நடந்த மோதலை நினைத்துப் பிஸ்டல் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சீனாவோடு செய்த 1996 ஒப்பந்தப்படி மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று இருந்தது. அங்கே ஆயுதம் கையில் இருந்தும் சுடவில்லை. பிஸ்டல் இருந்திருந்தாலும் அதே கதைதான்.)

பிஸ்டல் கட்டாயம் வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். தோளில் 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சரைத் தூக்கிச் சுடும் நம்பர் ஒன், மீடியம் மெஷின் கன் ஆள், ஸ்னைப்பர், இரண்டு கையாலும் காயக்காரனைத் தூக்கும் நர்சிங் அசிஸ்டெண்ட், ஒரு கையில் நாயின் வாரைப் பிடித்தவர், பட்டாலியனின் அதிரடிப் பிரிவான காதக் பிளட்டூன், வீட்டுச் சோதனையில் முதலில் நுழையும் இருவர், குகைக்குள் தவழ்ந்து போகிறவர். இவர்களில் சிலருக்குக் குட்டைத் துப்பாக்கியான கார்பைன் உண்டு. தோளில் அணைத்துச் சுடுவதால் குறி பார்க்க அது பிஸ்டலைவிட மேல். ஆனால் லாஞ்சரோடும் ஸ்ட்ரெச்சரோடும் அது முட்டிக்கொண்டு நிற்கும். இவர்களுக்கு மட்டும், உருவியவுடன் சுடக்கூடிய பிஸ்டலையும் அதற்கான ரவுண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

அந்தப் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும் சோதனையைத் தடித்த கையுறை போட்டுச் செய்ய வேண்டும். லடாக்கில் போடும் கையுறையின் விரல் பல பிஸ்டல்களில் ட்ரிகரைச் சுற்றிய வளையத்துக்குள் நுழையாது, பிரௌனிங்கின் சின்ன சேஃப்டி லீவரும் அதில் தட்டுப்படாது. ஹோல்ஸ்டர் தொடையில் இருந்தால் தவழும்போது மண் அள்ளும், இடுப்பில் இருந்தால் ஜாக்கெட் ஓரம் பிடியை மூடும். படுத்தும் தவழ்ந்தும் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். தோல் ஹோல்ஸ்டர் வேண்டவே வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியாததா? பதனிட்ட தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தோல் பையில் மாதக்கணக்கில் கிடந்த பித்தளைத் தோட்டாவில் பச்சையாகக் களிம்பு ஏறும், அந்தத் தோட்டா சேம்பரில் சிக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் காலாட்படை வீரர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.