எல்இடி விளம்பரத் திரையின் இரவு வெளிச்சத்தைக் குறைக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
திரைக்கு எதிரே உள்ள குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிப்பவர், உடன் கையெழுத்திட்ட அண்டை வீட்டார்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: சந்திப்பில் உள்ள எல்இடி விளம்பரத் திரையின் இரவு வெளிச்சத்தைக் குறைக்கவும், இத்தகைய திரைகளுக்கு இரவு ஒளி வரம்பை விதியாகக் கொண்டுவரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேம்பாலம் இறங்கி இடப்பக்கம் திரும்பும் வளைவில் நிற்கும் திரையைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தங்கள் வாகனம் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் தாங்கள் கடப்பது பகலில். அதன் எதிரே இரவு முழுக்க இருப்பவர்கள் நாங்கள்.

1. முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் கிடைத்தது. இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. மூன்றாவதுக்குப் பிறகு ஊழியர் ஒருவர் வந்து, கீழே நின்று திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் வந்தது காலை 11 மணிக்கு. அதன்பின் ஒரு கடிதமும் வரவில்லை.

2. திரையை அகற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கள் குறை அதன் இரவு வெளிச்சம் மட்டுமே. வெயிலில் படம் தெரிய இப்படிப்பட்ட திரை சதுர மீட்டருக்கு 5,000 கேண்டெலாவுக்கு மேலும் ஒளிர வேண்டியிருக்கும். ஒளிர்வை அளக்கும் இந்த அலகை, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலாவை, தொழிலில் நிட் என்று சொல்கிறார்கள். இருட்டியபின் சில நூறு நிட் தாராளம். சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஒளி உணரியை இதற்காகத்தான் வைக்கிறார்கள். உணரி இல்லாவிட்டாலும் நேரம் குறித்துவைத்தால் போதும், கணினியிலிருந்தே குறைந்துவிடும். இங்கே உணரி பழுதா, யாரும் அதை இயக்கவே இல்லையா, தெரியாது. மாலை ஆறு மணிக்கும் நள்ளிரவுக்கும் எங்கள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

3. என் அப்பாவுக்கு வயது 79. இரண்டு வருடமாக மறதி நோய். கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லும் நிலையில் அவர் இல்லை. பகலா இரவா என்று அவருக்குச் சொல்வது ஜன்னல்தான்.

அந்தத் திரையில் எட்டு விளம்பரங்கள் மாறி மாறி வருகின்றன, ஒவ்வொன்றும் பத்து விநாடி. எண்ணியிருக்கிறேன். ஏழு வரை சமாளித்துவிடலாம். எட்டாவதுக்கு முழு வெள்ளைப் பின்னணி. வெள்ளை காட்டும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று விளக்குகளும் சேர்ந்து எரிவதால் அதற்குத்தான் பிரகாசம் அதிகம். அது வந்ததும் ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச்சுவரில் கோடு கோடாக விழும். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தை, விளக்குப் போடாமலே நான் படித்திருக்கிறேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். "விடிஞ்சிடுச்சு, ஏன் எழுப்பல?" என்பார். போர்வையை மடிப்பார். சட்டையை மாட்டி, பொத்தானைத் தடவித் தடவிப் போடுவார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டதே அப்பா என்றால் கேட்கமாட்டார். "பஸ் போயிடும்" என்பார். பத்து விநாடியில் சுவர் முழுக்கச் சிவப்பாகும். பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொள்வார். அப்போது மணி இரண்டு இருக்கும். சமாதானம் சொல்லிப் படுக்க வைத்தால், கண் அயர்வதற்குள் மறுபடியும் வெள்ளை.

போன மாதம் ஒரு நாள் நான் அசந்து தூங்கிவிட்டேன். அவர் கதவைத் திறந்து படியிறங்கியிருக்கிறார். பாதியில் விழுந்து நெற்றியில் நான்கு தையல். சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார் ஐயா. வேலைக்குக் கிளம்பியிருக்கிறார்.

தடித்த திரைச்சீலை போட்டுப் பார்த்தோம், ஓரத்தில் கசிகிறது. போர்வையை ஆணியடித்து மாட்டினோம், காற்றில்லாமல் மூச்சு முட்டுகிறது என்று பிடுங்கி எறிகிறார். யாரோ விளம்பரம் போடுவதற்காக எங்கள் வீட்டு ஜன்னலை நாங்கள் ஏன் ஆணியடித்து மூட வேண்டும்?

4. இது எங்கள் மனப்பிரமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். பகலா இரவா என்று உடம்புக்குத் தெரிவிக்கவே விழித்திரையில் தனியாகச் சில செல்கள் உண்டு. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி அவற்றை மிக அதிகமாகத் தூண்டும். இரவில் அப்படித் தூண்டினால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறையும், தூக்கம் தள்ளிப்போகும். மறதி நோய் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே தூக்கம் தாறுமாறாக இருக்கும். அதன்மேல் இது.

5. எவ்வளவு வெளிச்சம் சரி என்பதற்குத் தங்கள் அலுவலகம் புதிதாக ஆராய வேண்டியதில்லை. பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையமான சி.ஐ.இ.யின் 2017 வழிகாட்டி, மிதமான வெளிச்சமுள்ள பகுதிகளில் பலகையின் ஒளிர்வுக்கு 800 நிட் உச்சம் என்கிறது. இரவு அடங்கும் நேரத்துக்குப் பின் வீட்டு ஜன்னலில் விழும் ஒளி 2 லக்ஸைத் தாண்டக் கூடாது என்கிறது (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ்). அமெரிக்காவில் விளம்பரப் பலகைத் தொழில் செய்பவர்களின் சங்கமே தனக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சுற்றுப்புற வெளிச்சத்தைவிட 0.3 அடி-கேண்டில், அதாவது சுமார் 3 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. 14க்கு 48 அடி பலகை என்றால் 250 அடி தள்ளி நின்று அளக்கிறார்கள். பிரான்ஸில் 2022-இல் வந்த ஆணைப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒளிரும் விளம்பரங்களை நாடு முழுவதும் இரவு 1 முதல் 6 மணி வரை அணைக்க வேண்டும். இங்கே உரிமத்தில் நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, உயரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

6. அளப்பதும் பெரிய வேலை இல்லை. ஒரு லக்ஸ் மீட்டர். திரை எரியும்போது ஒரு அளவு, அணைத்துவிட்டு ஒரு அளவு, கழித்தால் விடை. வெள்ளை ஓடும்போது அளக்க வேண்டும், அதுவும் இரவில். இரவுப் பிரச்சினையைப் பகல் 11 மணிக்கு வந்து பார்த்தால் என்ன தெரியும் ஐயா?

7. ஆறு மாதம். மூன்று மனு. ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு எண்ணை மாற்றினால் முடிகிற காரியம்.

கோபத்தில் ஏதும் தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கேட்பது இவ்வளவுதான். திரை உரிமையாளரை இந்த வாரமே இரவு வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இரவு 11 முதல் காலை 6 வரை அணைக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த வெள்ளை விளம்பரத்தையாவது இரவில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், ஒளி வரம்பை விதியாக்கி, உரிமம் புதுப்பிக்கும்போது அளந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இன்னொரு சந்திப்பில் இன்னொரு குடும்பம் இப்படி மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

தயவுசெய்து யாரையாவது இரவு 2 மணிக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் மாடி குடியிருப்பாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், அப்பாவின் மருத்துவச் சீட்டு நகல், இரவு 2 மணிக்கு அறைக்குள் எடுத்த படங்கள்.