பாப்பாவுக்கு, அட்டைக் கட்டோடு சேர்த்து

ஸ்ரீவில்லிபுத்தூர்
கார்த்திகை 9

அன்புள்ள பாப்பா,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. பஸ்ஸில் கொடுத்துவிட்ட பையில் முறுக்கு டப்பா, பால்கோவா அரைக்கிலோ, அதற்கு அடியில் பேப்பர் சுற்றிய ஒரு கட்டு இருக்கும். முறுக்கை ரூமில் எல்லாருக்கும் கொடு. கட்டைப் பிரிக்கும் முன்னால் இதைப் படித்துவிடு.

தினமும் அம்மாவிடம் பேசுகிறாய். அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. "அப்பாட்ட குடுக்கட்டுமா" என்று அவள் கேட்டதும் உன்னை வார்டன் கூப்பிட்டுவிடுகிறார், இல்லையென்றால் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. மூன்று வாரமாக இதே கதை. பவர் பேங்க் வாங்கப் பணம் போட்டுவிடட்டுமா?

பயிற்சிக்குப் போகிற பள்ளி எப்படி? 16 வாரத்தில் பாதி முடிந்திருக்கும். நான் பி.எட். படித்த காலத்தில் படிப்பே ஒரு வருஷம்தான். டீச்சிங் எய்டு என்றால் சார்ட்டும் படம் ஒட்டிக் காட்டுகிற பிளானல் போர்டும், அவ்வளவுதான். உங்களுக்கு எல்லாம் போனிலேயே வந்துவிட்டது. இருந்தாலும் கைப்பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் இருக்கட்டும். நெட் வரும், போகும். கரண்ட்டும் அப்படித்தான். ஒரு வட்டமும் ஒரு நாணும் போடத் தெரிந்தவளுக்கு ஒரு பீரியட் ஓட்டுவது பெரிய காரியமா? இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், சும்மாதான் சொல்கிறேன்.

போன வாரம் பென்ஷனர் சங்கத்தில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. வரவில்லை, நான்தான் வரவழைத்தேன். என் மகள் கையில் ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு 40 பிள்ளைகளின் பதிலையும் ஒரு நொடியில் வாங்கிவிடுவாள் என்றேன். நம்பவில்லை. பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு அட்டை, அட்டையில் கறுப்புக் கட்டம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி, எது விடையோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி திருப்பிப் பிடித்தால் டீச்சரின் போன் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "எங்க பிள்ளைகளிடம் ஏது போன்" என்றார் சயின்ஸ் வாத்தியார். பிள்ளைகளுக்கு ஒன்றுமே வேண்டாம் ஐயா, அட்டை போதும் என்றேன். எழுத்து பொடிசாக இருக்கும், ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு வேறு, பக்கத்தில் எட்டிப் பார்த்தும் பிரயோஜனமில்லை என்றேன். நாங்களும் "சிலேட்டைத் தூக்கு" என்று கேட்டவர்கள்தானே. நான் மூன்றாவது வரிசையைப் பார்த்து முடிப்பதற்குள் முதல் பெஞ்சு விடை கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 34 வருஷத்தில் அதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் தீபாவளியன்று என்ன சொன்னேன் என்பது உனக்கும் தெரியும். கூடத்தில் அந்தக் கட்டம் அச்சடித்த 20 தாளைப் பரப்பி, கத்திரிக்கோலை நீட்டி, "ஒட்டிக் குடுங்கப்பா" என்றாய். ராஜபாளையத்து அத்தை முன்னால், சீட்டுக்கட்டு விளையாடவா பி.எட். சேர்த்தேன் என்றேன். அவளும் சிரித்தாள். நீ ஒரு வார்த்தை பேசாமல் தாளையெல்லாம் பொறுக்கி பீரோ மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாய்.

உங்கள் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில் ஒரு பயிற்சி டீச்சர், வட்டம் நடத்தும்போது நெட் நின்றுபோய், பிள்ளைகள் ஒரே சத்தமாம். பின்னால் உட்கார்ந்து கவனித்தவர் பாதியில் எழுந்து போய்விட்டாராம். அந்தப் பொண்ணு படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாளாம். சித்தி மகள் சொன்னாள். யார் எவர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. உனக்குத் தெரிந்தவளாக இருந்தால் சாக்பீஸ் விஷயத்தை அவளுக்கும் சொல்.

இன்னொன்றும் சொல்லலாம். 2018-இல் ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தது, நினைவிருக்கிறதா? க்யூஆர் கோடெல்லாம் போட்டு, கணக்கில் 'இணையச் செயல்பாடு' என்று, வடிவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கிற ஜியோஜீப்ரா பக்கங்களோடு. ஒருநாள் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. முகவரியைத் தப்புத் தப்பாக அடிக்கிறேன், சட்டை நனைந்துவிட்டது. பால்காரர் வீட்டுப் பையன் எழுந்து, "சார், நான் பாக்கட்டுமா" என்றான். தலையை ஆட்டினேன். வந்தான், ரெண்டே தட்டு, திறந்துவிட்டது. வகுப்பே கைதட்டியது. யாரைக் கேட்டு மெஷினைத் தொட்டாய் என்று அவனை மணி அடிக்கிறவரை வெளியே நிற்க வைத்தேன். தலையாட்டினவன் நான்தான் பாப்பா. அவன் என்னைப் பார்த்தானே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு பீரோவுக்குள் போன புரொஜெக்டர்தான். சாவி என் பையில். புதிதாக வந்த டீச்சர் ரெண்டு தடவை கேட்டார்கள், பல்பு போய்விடும், விலை அதிகம் என்றேன். பையன் டியூஷனுக்கும் வருவதை நிறுத்திவிட்டான். "அந்தத் தம்பி ஏம்ப்பா வரல" என்று நீ கேட்டாய். படிப்பில் அக்கறை இல்லை என்று உன்னிடம் சொன்னேன்.

எதிர்வீட்டுப் பாப்பா என் போனில் ஜியோஜீப்ராவைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆஸ்திரியாவில் ஹோஹென்வார்ட்டர் என்பவர் மாணவராக இருந்தபோது, 2001-இல் செய்ய ஆரம்பித்ததாம். ஒரு நாண் வரைந்து, பரிதியில் இருக்கிற புள்ளியை விரலால் இழுத்தேன். கோணம் 62. எங்கே இழுத்தாலும் 62. நாணைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் சட்டென்று 118. வட்ட நாற்கரத்தில் எதிர்க்கோணம் கூட்டினால் 180 என்று எத்தனையோ தடவை போர்டில் நிரூபித்திருக்கிறேன், அப்படி மாறி விழுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். ஒருதடவை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடுகிறது. ஏரோப்ளேன் மோடில் போட்டே பார்த்துவிட்டேன். அந்தப் பொண்ணுக்குச் சொல். சாக்பீஸும் வைத்துக்கொள்ளச் சொல்.

டெட் தகுதிப் பரீட்சைக்கும் தினம் அரைமணி ஒதுக்கு. மழையில் நனையாதே.

கட்டுக்குள் 40 அட்டையும் இருக்கிறது. டீக்கடையிலும் தெருவிலும் பழைய தினசரி காலண்டர் அட்டை 12 வாங்கி, வெட்டி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். பின்பக்கம் சிலதில் முருகர் பாதி இருப்பார், சிலதில் ஜவுளிக்கடை. லேமினேட் பண்ணலாமா என்று கடையில் கேட்கப் போனேன், மினுமினுப்பாக இருந்தால் வெளிச்சம் பட்டு போன் படிக்காது என்று எதிர்வீட்டுப் பாப்பா தடுத்துவிட்டாள். எண் வரிசையாக அடுக்கியிருக்கிறேன். 17-ஆம் அட்டையில் மட்டும் பசை வழிந்து, துடைக்கப் போய், கறுப்புக் கட்டத்தின் ஓரம் கொஞ்சம் உரிந்துவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பியிருக்கிறேன். போன் அதைப் படிக்கிறதா என்று பார்த்துச் சொல். அம்மாவிடம் சொல்லிவிடாதே, அவளுக்கு 17 என்றால் என்னவென்று தெரியாது.

அன்புடன்,
அப்பா