முதல் வகுப்பில் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

கலந்தாய்வு முடிந்து புதுப் பிள்ளைகள் வந்து உட்காரும் நாள் நெருங்கிவிட்டது. முதல் ஆங்கில வகுப்பில் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். முதல் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவரைப் பார்த்து "இன்ட்ரட்யூஸ் யுவர்செல்ஃப்" என்கிறோம். அங்கிருந்து வரிசையாக அறுபது பேர் எழுந்து உட்காருகிறார்கள். இதற்குக் கூச்சத்தைப் போக்கும் பயிற்சி என்ற பொருளில் 'ஐஸ்பிரேக்கர்' என்று பெயரும் வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நானும் 11 ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு மாணவி. தன் முறை வரும்வரை உள்ளங்கையில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். எழுந்து, "மைசெல்ஃப்" என்று தொடங்கிப் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். "மை ஃபாதர் இஸ்..." என்ற இடத்தில் நின்றுவிட்டாள். உதவுவதாக நினைத்துக்கொண்டு, அப்பா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு முடிந்து வெளியே போகும்போது பார்த்தேன். வியர்வையில் மை கலைந்து விரலிடுக்கெல்லாம் நீலமாக இருந்தது. அப்பா கல் குவாரியில் வேலை பார்க்கிறவர். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதோடு, அறுபது பேர் முன்னால் சொல்லலாமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. இது எனக்குத் தெரியவந்தது நாலு மாதம் கழித்து, அவள் தோழி சொல்லி. அந்த செமஸ்டர் முழுக்க அவள் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அப்பா என்ன வேலை, எந்த ஸ்கூல், எந்த மீடியம், எவ்வளவு மார்க். இந்த நாலு கேள்வியால் ஒருவருக்கு எவ்வளவு ஆங்கிலம் வரும் என்று தெரிந்துகொள்ள முடியாது. யார் எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்திருக்கிறார் என்பதுதான் வகுப்புக்கே தெரிந்துபோகும். அப்பாவை இழந்த பிள்ளைகள் அந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று நாம் யோசித்ததுண்டா?

தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தரும் சட்டம் 2021-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. இவற்றால் வரும் பிள்ளைகளில் பலர் அவரவர் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறவர்கள். பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேறியவர்கள்தான். அதை வாயால் பேச வேண்டிய தேவை மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அந்த முதல் நாள் நம் வகுப்பில் வருகிறது.

பயம் கூடக்கூட, காதில் விழுகிற மொழி உள்ளே இறங்காது என்பதை மொழி கற்பித்தல் துறையில் 'அஃபெக்டிவ் ஃபில்டர்' என்பார்கள். அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் 1980களில் பரவலாக்கிய கருத்து இது. பி.எட்., எம்.ஏ. பரிட்சைகளில் நாமே இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம்.

சரி, வேறு என்ன செய்யலாம்? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். உள்ளே போனதும் கரும்பலகையில் மூன்றே மூன்று சொற்கள் எழுதுவேன்: ஒரு ஊர், ஒரு எண், ஒரு சாப்பாட்டுப் பெயர். மூன்றும் என்னைப் பற்றிய பதில்கள், கேள்வி என்னவென்று கண்டுபிடியுங்கள் என்பேன். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நோட்டில் எழுத இரண்டு நிமிடம். யாரும் எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கேட்கலாம். "வேர் யூ பார்ன்?" என்று வரும். "உங்களுக்கு எத்தனை தம்பி மேடம்?" என்று தமிழிலும் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். சொல்லும்போதே அந்தக் கேள்வியைச் சரியான வடிவத்தில் பலகையில் எழுதிவிடுவேன். யார் தவறாகக் கேட்டார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'வந்தாய்' என்பதோடு ஒரு 'ஆ' சேர்த்தால் 'வந்தாயா' என்று கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு 'டிட்' என்று ஒன்றை முன்னால் கொண்டுவர வேண்டும், 'கேம்' என்பதைத் திரும்ப 'கம்' ஆக்க வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தில் கேள்வி என்பதே கிடையாது. அறுபது பேரும் பேசி முடித்த பிறகும் ஒருவர்கூட இன்னொருவரிடம் எதுவும் கேட்டிருக்க மாட்டார்.

அடுத்து ஒரு தாளில் ஒன்பது கட்டம். இன்று இரண்டு பஸ் மாறி வந்தவர், வீட்டில் ஆடு வளர்ப்பவர், பாம்பைப் பார்த்து ஓடியவர், அதிகாலை ஐந்து மணிக்கே எழுந்தவர், இப்படி. கேட்க வேண்டிய கேள்வி பலகையிலேயே முழுசாக இருக்கும்: "டிட் யூ டேக் டூ பஸஸ் டுடே?" ஆமாம் என்பவரிடம் அந்தக் கட்டத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரையும், இரையட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் யார் பேச்சையும் யாரும் எடைபோட முடியாது. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளையைத் தேடிக்கொண்டு கான்வென்ட்டில் படித்தவர் வருவார். போன வருடம் ஒரு பையனிடம் பதினான்கு பேர் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

புத்தகங்களில் வரும் விளையாட்டுகளை அப்படியே எடுத்துவராதீர்கள். வட்டமாக நிற்பது, பந்தை எறிந்து பெயர் சொல்வது எல்லாம் பதினைந்து பேரும் நகர்த்தக்கூடிய நாற்காலிகளும் உள்ள அறைக்கு எழுதியவை. நம்முடையது தரையோடு பொருத்திய நீள பெஞ்ச். பந்து முன்வரிசைத் தைரியசாலிகளிடமே சுற்றிக்கொண்டிருக்கும். முன் பெஞ்சைப் பின்னால் திரும்பி உட்காரச் சொன்னாலே நாலைந்து பேர் குழு தயார். தன்னைப் பற்றி இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்லி, எது பொய் என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் 'இரண்டு உண்மை ஒரு பொய்' விளையாட்டையும் மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். பொய்யை யோசித்து, அதை இறந்தகாலத்தில் ஆங்கிலப்படுத்துவது முதல் நாளுக்குப் பெரிய சுமை.

பெயருக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். யார் வைத்த பெயர், ஏன் வைத்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், தமிழில் சொன்னாலும் சரி. குலதெய்வத்தின் பெயர், பாட்டியின் பெயர் என்று வரும் கதைகளைத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே வரியாக இருவரும் சேர்ந்து எழுதினால் போதும். தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம் என்ற வழக்கம் உங்கள் துறையில் இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். பத்து ரூபாய்க்குப் பயந்து பிள்ளைகள் ஆங்கிலம் பேசி நான் பார்த்ததில்லை. பேசாமல் இருந்துவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

துறைத்தலைவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். முதல் வாரத்திலேயே யாருக்கு ஆங்கிலம் வரும், யாருக்கு வராது என்று பட்டியல் கேட்காதீர்கள். அந்தப் பட்டியலுக்காகத்தான் பல ஆசிரியர்கள் அறுபது பேரையும் எழுப்பி நிறுத்துகிறார்கள்.

கடைசியாக, தாமதமாக வருகிறவர்கள். பிளஸ் டூ துணைத் தேர்வில் தேறி, துணைக் கலந்தாய்வில் இடம் வாங்கி வரும் பிள்ளைகள் வந்து சேரும்போது நம் 'முதல் நாள்' எப்போதோ முடிந்திருக்கும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, கையில் சேர்க்கைச் சீட்டோடு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களை அங்கேயே நிறுத்திப் பெயர் கேட்காமல், உள்ளே வரச் சொல்லி இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வையுங்கள். ஒன்பது கட்டத் தாளில் ஐந்தாறு பிரதிகளை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருங்கள். ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, அன்றைய வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கு விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் முதலாண்டு ஆங்கிலம் எடுக்கும் ஓர் ஆசிரியை