ஏலகிரி அடிவாரத்தில் உதவிய பெரியவருக்கு நன்றி

கடந்த மார்கழியில் ஒரு விடியற்காலை, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, காரின் ஹீட்டரை முழுவதும் திருப்பியும் குளிர்காற்றே வந்தது. முன்கண்ணாடியில் ஈரம் படர்ந்து பாதை மங்க, பின்னிருக்கையில் அம்மா நடுங்கத் தொடங்கினார். வேலூர் வெயிலில் வாழ்பவனுக்கு ஹீட்டர் எதற்கு என்று அதுவரை கேலி பேசியவன் நான்.

ஐயா, அடிவாரத்துத் தேநீர்க் கடையில் நின்றிருந்த தாங்கள், நான் கேட்காமலேயே அருகில் வந்து, பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களையும் மெல்லத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். ஒன்று சூடாகவும் மற்றொன்று சில்லென்றும் இருந்தது. இரண்டுமே சூடாக இருந்திருந்தால் உள்ளே காற்றின் வழியை மாற்றும் தகட்டைச் சந்தேகித்திருக்கலாம் என்றும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்த வண்டியில் ஹீட்டருக்குள் காற்று அடைத்துக்கொண்டு சுடுநீரை ஓடவிடாது என்றும் பொறுமையாக விளக்கினீர்கள்.

அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியில் கைவைத்த என்னை அதட்டித் தடுத்ததற்குத் தனி நன்றி. அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருந்த நீர் முகத்திலேயே பீறிட்டிருக்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கசிந்துகொண்டிருந்த குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கி, கூலன்ட் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு இன்ஜினை ஓடவிட்டீர்கள். குமிழிகள் அடங்கியதும் வெதுவெதுப்பான காற்று வந்தது.

பணத்தை மறுத்து ஒரு தேநீர் மட்டும் ஏற்றுக்கொண்ட தங்களிடம் பெயரைக் கேட்க மறந்தது என் பிழை. அம்மா தங்களை இன்றும் விசாரிக்கிறார்.