பாட்டியின் கப்பல் நோட்டு

கண்ணே,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆரஞ்சு இந்த வருஷம் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது. பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. உன் கட்டிலுக்குப் புதுப் போர்வை போட்டேன். பழையதில் ஒன்றுமில்லை, சும்மா மாற்றினேன்.

நேற்று முழுக்க மழை. வெளியே போக முடியாததால் பாட்டியின் மரப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். கப்பல் நோட்டு கிடைத்தது. உனக்கு ஏழு வயதில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பிப்பாயே, கீடோன், கண்டியா, ரெதிம்னோ என்று. சாப்பாட்டு மேஜையில் அத்தை உன்னை எழுப்பி நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வாள். நீ ஒரு பெயரைக்கூட விட்டதில்லை. இந்தப் பையன் கடலுக்குத்தான் போவான் என்று அன்றைக்கே எல்லோரும் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் கப்பல் பெயர் எதுவும் கிடையாது. 1966 டிசம்பர் 8 என்று தேதி மட்டும் எழுதி, கீழே ஒரு கோடு. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

அந்த ‘ஹெராக்லியோன்’ நம் ஊருக்கென்று கட்டின கப்பலே இல்லை. 1949-இல் கிளாஸ்கோ பக்கம் கோவனில் ‘லெஸ்டர்ஷைர்’ என்ற பெயரில் கட்டி, இங்கிலாந்துக்கும் பர்மாவுக்கும் ஓட்டியது. 1964-இல் இங்கே விலைக்கு வாங்கி, பக்கவாட்டில் கதவு வைத்து, வண்டி ஏற்றுகிற கப்பலாக மாற்றினார்கள். புனித நிக்கோலா திருநாளுக்கு மறுநாள் இரவு நம் கிரீட்டின் சூடா துறையிலிருந்து, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குக் கிளம்பியது. காற்று அப்போதே ஊளையிட்டது. உள்ளே ஆரஞ்சு ஏற்றிய ஒரு குளிர்பெட்டி லாரி. அதைக் கட்டவில்லை. கப்பல் ஆட ஆட லாரி உருண்டு பக்கவாட்டுக் கதவில் மோதி, கதவு திறந்துகொண்டது. ஃபால்கோனெரா தீவுக்குப் பக்கத்தில், விடிவதற்கு எவ்வளவோ முன்னால், எல்லாம் முடிந்துவிட்டது. இருநூறு பேருக்கு மேல் போனார்கள். பிழைத்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. தாத்தா அந்த ஐம்பதில் இல்லை. எனக்குப் பதினொரு வயது.

அதனால்தான் சொல்கிறேன், லாரிகளைக் கட்டியிருக்கிறார்களா என்று நீயே கீழே இறங்கிப் பார். சங்கிலியைக் கையால் இழுத்துப் பார். ‘கட்டியாச்சு சார்’ என்று ஒருவன் சொன்னால் அது போதாது.

இரண்டாம் பக்கத்திலிருந்து பாட்டியின் கையெழுத்து நிமிர்ந்து நிற்கிறது. 1967-இல் நம் மெத்ரோபொலித்து இரினேயோஸ், கிசாமோஸின் பேராயர், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அடுத்தவன் கப்பலை நம்பி இனி நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், கிரீட்டுக்காரர்கள் நாமே சேர்ந்து கப்பல் வாங்குவோம் என்பதுதான் பேச்சு. அந்த ஆண்டுதான் ராணுவத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஹனியாவில் ஆசிரியர்களும் ஆடு மேய்ப்பவர்களும் ஒலிவ எண்ணெய் விற்பவர்களும் பங்கு வாங்கினார்கள். ‘அனெக்’ என்று கம்பெனி தொடங்கியது. பாட்டி தன் கல்யாணத்துக்குக் கிடைத்த தங்கப் பவுன்களில் இரண்டை விற்றார். பெரியப்பா வீடு முழுக்கக் கத்தினார். விதவைக்குக் கப்பல் எதற்கு என்று கேட்டார். பாட்டி பதில் பேசவில்லை. பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அது இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. விற்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

முதல் கப்பல் ‘கீடோன்’, 1970. எண்ணெய்க் கப்பலாக இருந்ததை வாங்கி மாற்றிக் கட்டினது. நம் ஊரைத் தோற்றுவித்ததாகச் சொல்கிற அந்தக் கீடோன் பெயர். அது சூடா வளைகுடாவுக்குள் முதல் தடவை நுழைந்தபோது ஊரே கரையில் நின்றது. பாட்டி கறுப்பு உடையில், என் கையைப் பிடித்தபடி. அழவில்லை. “கதவு எங்கே இருக்கு பார்” என்று மட்டும் என்னிடம் கேட்டார். எனக்குக் கதவு தெரியவில்லை, கொடிகள்தான் தெரிந்தன.

பிறகு ‘கண்டியா’, ‘ரெதிம்னோ’. இரண்டும் ஜப்பானில் கட்டியவை. அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் கிட்டத்தட்ட ஜப்பான் சரக்குதான். இதில் பாட்டி எடுத்த சிரமத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் பழைய பெயரை விசாரித்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். ‘அப்தெரா’, முன்பு ‘கிரீன் ஏஸ்’. ‘லிசோஸ்’, முன்பு ‘ஹமனாசு’, 1972-இல் கட்டியது. ஹமனாசு என்பது வட ஜப்பான் கடற்கரையில் பூக்கும் ஒரு ரோஜாவாம். யாரோ மாலுமி சொல்லியிருக்கிறான், அதையும் எழுதி ஒரு பூ வரைந்திருக்கிறார். ‘கிரீட் ஒன்று’, ‘கிரீட் இரண்டு’, 1979-இல் கட்டி 1996-இல் வாங்கினவை. அவற்றுக்கு முன்பு ‘நியூ சுசுரான்’, ‘நியூ யுகாரி’. பெயின்ட்டுக்கு அடியில் ஜப்பான் எழுத்து புடைத்துத் தெரிகிறது என்று நீதான் முதலில் வந்து சொன்னாய். வேறு கடலில் உழைத்து வயதான கப்பல்களுக்கு நம் பழைய ஊர்களின் பெயரை வைத்து, இங்கே இன்னும் இருபது, முப்பது வருஷம் உழைக்க வைத்தார்கள். அப்தெரா நம் வீட்டுக்கு மேலே இருக்கிற மலை. அந்தப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு ஒரு கப்பல் கீழே போவதைச் சமையலறை ஜன்னலில் பார்ப்பது பாட்டிக்குப் பெரிய சந்தோஷம்.

‘வெனிசெலோஸ்’ வந்த 1992-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். போலந்தில் சுவீடன்காரர்களுக்காகக் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன கூடு அது. வாங்கி வந்து பிரேயஸ் பக்கம் பெராமாவில் முடித்தார்கள். 175 மீட்டர். பாட்டி அந்தப் பக்கத்தில் எண்ணை எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். 2015-இல் சிரியாக்காரர்கள் கோஸ் தீவில் வந்து குவிந்தபோது அரசாங்கம் அனுப்பியது இந்தக் கப்பலைத்தான். அதை நான் எழுதினேன், பாட்டி அப்போது இல்லை. 2018 ஆகஸ்டில் ஹனியாவுக்குக் கிளம்பி வரும் வழியில் வண்டித் தளத்தில் தீப்பிடித்ததையும் நான்தான் எழுதினேன். ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். பிரேயஸுக்கே திருப்பிக் கொண்டுபோய் அத்தனை பேரையும் இறக்கிவிட்டார்கள். ஒரு உயிர் போகவில்லை. அந்த இரவு முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலையில் உனக்குப் போன் செய்து வானிலை எப்படி என்று கேட்டேன்.

நார்வேயில் புதிதாகவே கட்டி வாங்கின இரண்டையும், 2000-இலும் 2001-இலும், பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். புதுக் கப்பல்கள் அவருக்கு மனதில் ஒட்டவில்லை. ‘எலிரோஸ்’ மட்டும் என் கையெழுத்தில் ஒரு பக்கம். முன்பு ‘ஃபெரி லாவெண்டர்’. அது நம் பாதைக்கு வந்த வருஷம்தான் நீ தோளில் பட்டையோடு முதல் தடவை இந்த வாசலில் நின்றாய். தாத்தாவின் பெயர் கொண்ட ஒருவன் அதிகாரியாக நின்றான். அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் மட்டும் சட்டை கசங்கியிருக்கிறது என்று சொன்னேன்.

கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. 2023 கடைசியில் கம்பெனி அட்டிகா என்ற இன்னொரு கப்பல் கம்பெனியோடு இணைந்துவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கப்பல்கள் ஓடுகின்றன, பாட்டியின் கம்பெனிதான் இல்லை. நீ வந்து எழுதுவாய் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

உன் பெண் என் போனில் ஒன்று போட்டுக் கொடுத்தாளே, கப்பல்கள் அம்புக்குறியாக நகருமே, அதைத் தினமும் பார்க்கிறேன். உன் கப்பல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் சூடாவுக்கு வந்துவிடுகிறது. ஆறு மணிக்குக் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். முன்பெல்லாம் எட்டு மணிக்குள் மேலே வந்துவிடுவாய். கலிட்சூனியா ஆறு தின்றுவிட்டு மதியம் வரை தூங்குவாய். ஐந்து வாரமாயிற்று. வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். சரி. வேலை இருக்கும்தான். ரொட்டிக்கடைக்காரர் போன வாரம் பிரேயஸ் போய் வந்தார். ரேம்ப் அருகில் வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவர் வேறு யாரோ என்றார். பணிநேரம் மாறியிருக்கும் என்று நான் சொன்னேன். மருமகளிடம் பேசினேன். அவளும் வேலை அதிகம் என்றே சொன்னாள், உன் வார்த்தையிலேயே. நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

சங்கிலியை மட்டும் நீயே பார். அப்புறம், நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு வரி எழுத எத்தனை நேரம் ஆகும்? பெற்றவளுக்கு அதுகூடக் கிடைக்காதா என்று நேற்று கோபம்கூட வந்தது.

அந்தக் கோபத்தோடு நோட்டை மூடப் போனபோதுதான் உள்ளட்டையில் இருந்த டிக்கெட் விழுந்தது. 1997 பிப்ரவரி. சூடாவிலிருந்து பிரேயஸ். கிழிக்காத டிக்கெட்.

இதை எழுதிவிடுகிறேன். நீ கடல் பள்ளியில் இருந்தபோது குடல்வால் வெடித்து ஆபத்தாகி, பிரேயஸ் பக்கம் நிக்கயாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அன்றைக்கு விமானத்தில் இடமில்லை. இரவுக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிப் பையோடு துறைக்குப் போனேன். காற்று அதிகம், கப்பல்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று போனில் அத்தையிடம் சொன்னேன். அத்தை உன்னிடம் சொன்னாள். தடை எதுவும் போடவில்லை, கண்ணே. கடல் தட்டைப் போல இருந்தது. ரேம்ப் வரைக்கும் நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு லாரி ஏறியது, ஆரஞ்சு வாசனை அடித்தது. உள்ளே ஆட்கள் குனிந்து அதற்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். ஒழுங்காகத்தான் கட்டினார்கள். என் கால் மேலே வரவில்லை. ஒரு பையன் வந்து ஏறுங்கள் அம்மா என்றான். கைப்பையைத் தேடுவது போலத் திரும்பி, பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டேன். கப்பல் போகும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அதே கப்பலில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பார்க்க வந்தார். நான் கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியை உன் கையில் கொடுத்திருக்கிறார். கப்பல் வந்தது உனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வயதில் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. பிறகு நீ கடல் படிப்பு முடித்தாய். அந்த நாளின் காற்று எத்தனை பியூஃபோர்ட் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக் கூடியவன். கேட்கவில்லை. எனக்குக் கடல் ஒத்துக்காது என்று எல்லோரிடமும் நீயே சொல்லிக் காப்பாற்றினாய். பதினொரு வயதுக்குப் பிறகு நான் ஒரு கப்பலிலும் காலை வைத்ததில்லை. கப்பல் கம்பெனியின் பங்கைச் சுவரில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கப்பலின் பிறந்த ஊரையும் எழுதி வைத்துக்கொண்டு, என் பிள்ளை கிடந்த இடத்துக்கு வரவில்லை.

உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு இரவு, ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பாயோ, அதற்குப் பிறகு உனக்கும் கால் மேலே வரவில்லையோ என்று நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துவிடு. அப்படித்தான் என்றால் நீ ஏற வேண்டாம். மலைக்கு மேலே வீடு இருக்கிறது, மரம் முழுக்க ஆரஞ்சு இருக்கிறது, போர்வையும் புதுசு. வேலை அதிகம் என்று மட்டும் எழுதாதே. அந்த மாதிரி வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவுக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். படுக்கை அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மேலே காற்றோட்டமாக உட்கார இடம் போதும். பக்கத்து வீட்டுப் பையன் ரேம்ப் வரை கூட வருவான், அதற்கு மேல் நான்தான் நடக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிரேயஸில் கப்பல் பக்கமாக வந்து நில். நான் இறங்கவில்லை என்றால் என்னால் ஏற முடியவில்லை என்று அர்த்தம். அப்படியானால் அங்கிருந்தே போன் செய். காற்று என்று சொல்ல மாட்டேன்.

அம்மா