யாழினி நார்ஃபோக் வரும் முன்

வர்ஜீனியா பீச்
மே 18

மாப்ளே மூர்த்தி,

நீ அனுப்பிய ஒன்பது வாய்ஸ் மெசேஜையும் கேட்டு முடித்தேன். ஏழாவதில் நீ அழுதாயா, இல்லை சளி பிடித்திருந்ததா என்று எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் இன்னும் தீராத வழக்கு. போனில் பதில் சொன்னால் நீ நடுநடுவே புகுந்து கேட்பாய், நான் சொல்ல வந்ததைக் கோட்டை விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் ரெக்கார்டு நோட்டெல்லாம் எழுதிக் கொடுத்த கைதானே இது.

முதலில் இங்கத்திய கதை. முழங்கால் ஆபரேஷனை ஆகஸ்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஸ்டெல்லா ஒருவழியாக நைட் ஷிஃப்ட்டை விட்டுவிட்டாள். குளிர்காலம் முழுக்க கராஜுக்குள் வைத்துக் காப்பாற்றிய முருங்கைத் தொட்டி துளிர்த்துவிட்டது. காய் வரும் என்ற நம்பிக்கை இல்லை, கீரைக்கு ஆச்சு.

இனி உன் மகள் யாழினி அமெரிக்கக் கப்பற்படையின் கோடைப் பயிற்சிக்கு நார்ஃபோக் வருகிற விஷயம். "பொண்ணு பிளேன் ஓட்டப் போறாளா?" என்று ஒன்பது மெசேஜிலும் கேட்டிருக்கிறாய். இல்லை. பார்க்கப் போகிறாள். மிட்ஷிப்மேன் என்றால் படித்துக்கொண்டே கப்பற்படை அதிகாரி ஆகப் பயிற்சி எடுக்கிறவள், இன்னும் அதிகாரி ஆகாதவள். முதல் வருடக் கோடையில் கப்பல், நீர்மூழ்கி, விமானம், மரீன் படை என்று வாரத்துக்கு ஒன்றாகக் காட்டினார்களே, அது பந்தியில் இலை போட்டு எல்லாவற்றிலும் ஒரு சொட்டு வைப்பது மாதிரி. போன கோடையில் கப்பலில் சாதாரண மாலுமி ஒருத்தி பின்னால் சுற்றினாள். இந்தத் தடவை இளம் அதிகாரி ஒருவரை 'ரன்னிங் மேட்' என்று சேர்த்துவிடுவார்கள். அவர் எங்கே போகிறாரோ அங்கே நம் பெண்ணும். அவர் சாப்பிட்டால் சாப்பாடு, படித்தால் படிப்பு.

அவளுக்குக் கிடைத்திருப்பது ஹாக்ஐ, இ-2 என்கிற ரேடார் விமானம். கப்பற்படையில் இருபது வருடம் நான் கையை விட்டுத் துழாவிய வயர்கள் அதன் வயிற்றில்தான் இருக்கின்றன. முதுகில் 24 அடி அகலத்துக்குத் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு ரேடார் இருக்கும், பார்த்தவுடன் தெரியும். உள்ளே ஐந்து பேர். முன்னால் இரண்டு பைலட். பின்னால் இருட்டுக் குகை மாதிரி ஒரு இடத்தில் மூன்று பேர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விமானம் ஓட்டுகிறவர்கள் அல்ல. ஆனால் வானத்தில் யார் எங்கே என்று மொத்தக் கப்பற்படைக்கும் சொல்கிறவர்கள் அவர்கள்தான். யாழினியை ஏற்றினால் பெரும்பாலும் அந்தக் குகைப் பக்கம்தான். ஜன்னல் சின்னது, விமானம் ஒரு பக்கம் போகும், நீ வேறு பக்கம் பார்த்திருப்பாய், குடல் வாய்க்கு வரும். வாந்தி எடுத்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பையை மடியிலேயே வைத்துக்கொள்ளாமல் எடுத்தால்தான் நினைப்பார்கள், ஏனென்றால் அதைத் துடைக்கிறவன் என் மாதிரி ஒருவன்.

ஏற்றினால் என்று சொன்னதைக் கவனி. மருத்துவப் பரிசோதனை, தண்ணீரில் பிழைக்கும் பயிற்சி என்று காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், அன்று இடம் இருக்க வேண்டும், விமானம் பழுதில்லாமல் இருக்க வேண்டும், மேகம் ஒத்துழைக்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் பெயர் பட்டியலில் இருக்கும், பத்து மணிக்கு இருக்காது. வந்த நாலாம் நாளே இதற்கு மூஞ்சியைத் தூக்கிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு வாரத்தில் பறப்பது சில மணி நேரம், மீதியெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பை என்ன செய்கிறாள் என்பதைத்தான் ஸ்குவாட்ரன், அதாவது அவள் போய்ச் சேர்கிற விமானப் பிரிவு, பார்க்கும்.

நான் தரையில் நின்று பார்த்தவன். பைலட்டைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். ஆனாலும் சொல்கிறேன், அவள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் ஹேங்கர், விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கிற கொட்டகை. பிளேன் கேப்டன் என்று ஒரு பதவி உண்டு. பெயரைப் பார்த்துப் பெரிய ஆள் என்று நினைக்காதே, பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை. விமானத்தைத் தொட்டுத் தடவி, துடைத்து, பறக்கத் தயார் என்று சொல்கிறவன் அவன். அவன் சொன்ன பிறகுதான் நாற்பது வயது கமாண்டர் ஏறி உட்காருவார். ஓஹாயோவில் இன்ஜினியரிங் படிக்கிற யாழினிக்கு அந்தப் பையன் கற்றுக்கொடுப்பான். காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்.

காலையில் எல்லோரும் தோளோடு தோள் நின்று, தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே ஓடுதளத்தருகே நடப்பார்கள். கோயில் திருவிழாவில் மோதிரம் தொலைத்தவர்கள் மாதிரி இருக்கும். ஒரு கூழாங்கல், ஒரு திருகாணி, இன்ஜின் உறிஞ்சினால் போயிற்று. அதில் அதிகாரி, மாலுமி பேதம் கிடையாது. யாழினியின் தோடு, மூக்குத்தி, மோதிரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். உன் அம்மா கட்டிய தாயத்தும்தான். ஆத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் விளையாட்டே கூடாது, புரொப்பல்லர். ஒரு பக்கத்துக்கு எட்டு இறக்கை. ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, அதுவும் ராத்திரியில் சுத்தமாகத் தெரியாது. நின்றுபோயிருந்தாலும் அதன் வட்டத்துக்குள் நடக்கிற பழக்கம் கூடாது என்பதுதான் எங்கள் முதல் பாடம். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அவள் இதைச் சொல்ல வேண்டும்.

பைலட்டுகளின் அறையை ரெடி ரூம் என்பார்கள். அங்கே நேட்டாப்ஸ் என்ற தடிப் புத்தகம் இருக்கும். இன்ஜினில் தீ என்றால் என்ன செய்வது என்பதை வார்த்தை மாறாமல் ஒப்பிக்க வேண்டும், நாம் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி. அந்த வரிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் செத்ததால் எழுதப்பட்டவை என்று சொல்வார்கள். அங்கே யாழினிக்கு ஆச்சரியமாக இருக்கப் போவது வேறு ஒன்று. பறந்து இறங்கியவர்கள் உடனே வீட்டுக்குப் போக மாட்டார்கள். உட்கார்ந்து, இன்றைக்கு நான் செய்த தப்பு இது, இது, இது என்று அவரவர் வாயால் சொல்வார்கள். சில நாள் பறந்த நேரத்தைவிட இது நீளும். கப்பலில் இருக்கும்போது இன்னும் கறார். ஒவ்வொரு முறை தளத்தில் இறங்கும்போதும் ஓரமாக நிற்கிற லேண்டிங் சிக்னல் ஆபீசர் மார்க் போடுவார். பிறகு ரெடி ரூமுக்கு வந்து எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பார். சுவரில் பலகை ஒன்று, அதில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று கட்டம் கட்டமாக நிறம். ஸ்குவாட்ரன் தலைவரின் பெயரும் அதில்தான். மோசமாக இறங்கினால் அவருக்கும் பழுப்பு விழும், எல்லோரும் பார்ப்பார்கள்.

இது எனக்கு எப்போது உறைத்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. தொண்ணூறுகளின் கடைசி. எந்த ஸ்குவாட்ரன் என்பது வேண்டாம். எங்கள் டூல் பாக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும், எது இல்லையென்றாலும் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். ஒரு சாயங்காலம் வேலை முடித்துப் பெட்டியை மூடப் போனேன், சின்ன டார்ச்சின் பள்ளம் காலி. நான் வேலை பார்த்த விமானம் வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டு நிற்கிறது. சொன்னால் பறப்பு ரத்து. புரொமோஷன் போகும், சிரிப்பார்கள், நேற்று வந்த இந்தியாக்காரன் என்பார்கள். பையைத் தடவினேன், பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன், பத்து நிமிடம். பிறகு போய்ச் சொன்னேன். இன்ஜினை நிறுத்தினார்கள். ஐந்து பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர்கூட என்னை முறைக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. விமானத்தின் மூடிகளையெல்லாம் கழற்றித் தேடினோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைத்தது. எட்டாத மூலையில், விமானத்தைத் திருப்புகிற கேபிள் போகிற வழிக்கு அருகில்.

அன்று எங்களோடு ஒரு மிட்ஷிப்மேன் இருந்தான். அவன் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், போகவில்லை. விளக்குப் பிடித்தான், காபி கொண்டுவந்தான், வாயைத் திறக்கவில்லை. அவன் பெயர் மறந்துவிட்டது, நின்றது மறக்கவில்லை.

மறுநாள் எங்கள் சீஃப், மாலுமிகளில் மூத்தவர், என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். "தெரிந்த பிறகு எத்தனை நிமிடம் சும்மா இருந்தாய்?" பத்து என்றேன். அதை எழுதிக்கொண்டார். டார்ச் தொலைந்ததை அவர் பெரிதாக எடுக்கவில்லை மாப்ளே, அந்தப் பத்து நிமிடத்தை எடுத்தார். இரண்டு அரியரை மூன்று வருடம் வீட்டில் மறைத்தவன் நீ. யாழினி உன் மகள், அதனால் சொல்லி வைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொன்னால் அங்கே எல்லோரும் கற்றுக்கொடுப்பார்கள். தெரிந்த மாதிரி தலையாட்டினால் மூன்றாம் நாள் பிடிபடுவாள், பிறகு அவளை யாரும் எதிலும் சேர்க்க மாட்டார்கள். விமானிகளின் பட்டப்பெயரைப் பற்றி ஆசையாகக் கேட்டாளாமே. அது நாமே வைத்துக்கொள்வது அல்ல. ஏதாவது அசட்டுத்தனம் செய்த பிறகு மற்றவர்கள் வைப்பது. பெருமையாக நினைக்க ஒன்றுமில்லை.

பெண் பிள்ளை என்று உன் மனைவி பயப்படுவதாகச் சொன்னாய். இங்கே பெண்கள் சிறகு, அதாவது விமானிக்கான சின்னம், குத்திக்கொண்டது 1974இல், முதலில் ஆறு பேர். அவர்களில் ரோஸ்மேரி மரைனர் 1990இல் ஒரு ஸ்குவாட்ரனுக்கே தலைமை ஏற்றார். சுனிதா வில்லியம்ஸ் விண்வெளிக்குப் போனதைத்தான் நம் ஆட்கள் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் அவர் இதே கப்பற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், 1989இல் சிறகு வாங்கியவர். எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாழினி யாருக்கும் புதுமை அல்ல.

நீ பயப்பட வேண்டியது இதற்கல்ல, கணக்குக்கு. பைலட் ஆனால் சிறகு கிடைத்த நாளிலிருந்து எட்டு வருடம் கட்டாய சேவை. பின்னால் உட்காருகிற வேலை என்றால் ஆறு. பயிற்சிக் காலம் அதற்கு முன்னால் தனி. இருபத்திரண்டு வயதில் கையெழுத்துப் போட்டால் முப்பதைத் தாண்டித்தான் நிமிர்வாள். கல்யாணப் பேச்சை எடுக்கிற சித்தப்பாவுக்கு இதை நீயே சொல், என்னைக் கோர்த்துவிடாதே. இந்தப் பயணம் இருப்பதே அதற்காகத்தான், கையெழுத்துக்கு முன்னால் இது நம் பிழைப்பா என்று பார்த்துக்கொள்ள. பார்த்துவிட்டு வேண்டாம் என்று அவள் வந்தாலும் நீ கோபப்படக் கூடாது.

நான் மீன் பிடிக்கப் போகிற வில்லோபி ஸ்பிட் கரைக்கு ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிப் போக ஆசை. 1910 நவம்பர் 14 அன்று யூஜின் ஈலி என்பவர் பர்மிங்ஹாம் என்ற கப்பலில் பலகை அடித்து, அதிலிருந்து விமானத்தைக் கிளப்பினார். அதுதான் முதல் தடவை. சக்கரம் தண்ணீரைத் தொட்டு, புரொப்பல்லர் அடிபட்டு, எப்படியோ அந்தக் கரையில் வந்து இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாதாம்! இரண்டு மாதம் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் பென்சில்வேனியா கப்பல் மீது இறங்கியும் காட்டினார். குறுக்கே கயிறு கட்டி, இரண்டு முனையிலும் மணல் மூட்டை. விமானத்தின் கொக்கி கயிற்றில் மாட்டி நின்றது. இன்றைக்கும் கொக்கியும் குறுக்குக் கம்பியும்தான், மணல் மூட்டை மட்டும் இல்லை.

வருகிறபோது நல்ல ஷூ, பாக்கெட்டில் அடங்குகிற நோட்டு, பேனா. என்னைப் போன்ற சீஃபைப் பார்த்தால் 'சீஃப்' என்றே கூப்பிடட்டும், 'சார்' என்றால் முகம் சுளிப்போம். ரிட்டயர்டு கார்டு இருப்பதால் நான் பேஸுக்குள் போகலாம், ஆனாலும் அவள் வேலை செய்கிற இடத்தில் போய் நிற்க மாட்டேன். சனிக்கிழமை லீவு கிடைத்தால் மெசேஜ் போடச் சொல், கேட்டில் வந்து அழைத்துக்கொள்கிறேன். ஸ்டெல்லா இப்போதே ரசப்பொடி இடித்து வைத்துவிட்டாள்.

இஞ்சி மொரப்பா ஒரு டப்பா கொடுத்து அனுப்பு. அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. உன் சுகர் எவ்வளவு என்று ஒன்பது மெசேஜில் ஒன்றிலாவது சொன்னாயா?

உன்
செல்வா