வசனம் எடுத்துக் கொடுப்பவனைப் பிடி!

ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. போன வாரம் அப்படி அடைந்து கிடந்தபோது, பேத்தி லேப்டாப்பில் ஒரு துப்பறியும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேல்நாட்டு நாடகம், அதற்கான மாளிகையில் கொலை. துப்பறிபவர் நாம்தான், யாரிடம் என்ன கேட்பது என்பதும் நம் பாடு.

ஒப்பனை அறையில் ஒரு வெள்ளைக் கையுறை, கட்டைவிரலில் மட்டும் மெழுகுக் கறை. பேத்தி பாடகியைச் சந்தேகப்பட்டாள். நான், மேடைக்கடியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவனைப் பிடி என்றேன். சின்ன வயதில் திருவிழா நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்றவன் நான். அந்த இருட்டில் இருப்பவனுக்குத் தெரியாதது எது? சொன்னது பலித்தது. ஆனால் வாயிற்காவலரிடம் கேள்விகளை முன்பின்னாகக் கேட்டதில் அவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

விளையாட்டில் சரவிளக்கு வந்ததும் பேத்தி நிஜக்கதை சொன்னாள். பாரிஸில் 1875-இல் திறந்த ஓபராவில், 1896-இல் சரவிளக்கின் பாரத்தைச் சமன்செய்யத் தொங்கவிட்ட எதிரெடை ஒன்று விழுந்து ஒரு பெண்மணி இறந்தாராம். அப்புறம் நான் விளையாட்டில்கூட விளக்கடியில் நிற்கவில்லை.

என் குறை ஒன்றுதான். எல்லாம் ஆங்கிலம். வரிக்கு வரி பேத்தி படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஸ்பெஷல் நாடக மேடையை வைத்துத் தமிழில் இப்படி ஒன்று செய்யக்கூடாதா? ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று சந்தேகப்பட ஆளுக்கா பஞ்சம்? ஆர்மோனியக்காரரை மட்டும் விட்டுவிடலாம். விடிய விடிய அவர் கை கட்டையிலேயே இருக்கும், பாவம்.

ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
கோத்தகிரி